இரண்டாவது புதுப் பந்து

பந்து தன் பக்கம் வந்துவிடக் கூடாது என்று ரோச் ஃபைன் லெக்கில் நின்று வேண்டிக்கொண்டிருந்தான். வந்தால் ஓடிக் குனிந்து எடுக்க வேண்டும், எடுத்தால் எறிய வேண்டும், எறிந்தால் அது எங்கே போய் விழும் என்று அவனுக்கே தெரியாது. சாப்பாட்டு இடைவேளை முடிந்து எல்லோரும் மறுபடி இறங்கியதிலிருந்து இதே வேண்டுதல். அதன் கூடவே, அதன் காலை வாரிவிடுகிற மாதிரி, இன்னொன்றும் ஓடிக்கொண்டிருந்தது: எண்பது ஓவர் முடிந்ததும் நடுவர் புதுப் பந்தை எடுத்துக் கொடுப்பார், அப்போது கேப்டன் நவநீதன் இந்தப் பக்கமாகத் திரும்பிக் கையைத் தூக்கி 'ரோச்ணே' என்று கூப்பிட வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் மாதாவிடம் கேட்க வெட்கமாக இருந்தது. அவள்தான் என்ன செய்வாள், ஒருத்தன் பந்து வேண்டாம் என்கிறான், அதே ஆள் பந்தைக் கொடு என்கிறான். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். இடது கையால் துடைத்தான். கொஞ்ச காலமாகவே எல்லாவற்றுக்கும் இடது கை முந்திக்கொள்கிறது. வீட்டில் பிலோமி கவனித்திருப்பாளோ, தோசையைப் பிய்க்கிறபோது கவனித்திருப்பாள், பெண்டாட்டி கண்ணுக்கு எது தப்பும், ஆனால் கேட்கவில்லை, கேட்டால் இவன் பதில் சொல்லிவிடுவானே என்று அவளுக்கும் பயமாக இருக்கலாம். ஒரு ஓவருக்கும் அடுத்த ஓவருக்கும் நடுவே வேகப்பந்து போடுகிறவர்களை இங்கேதான் கொண்டுவந்து நிறுத்துவார்கள், எல்லைக் கோட்டோரமாக நின்று மூச்சு வாங்கட்டும் என்று. பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து இங்கேதான் நிற்கிறான். எத்தனை ஊரில், எத்தனை சட்டையில். யோசித்துப் பார்த்தால் பந்து போட்ட நேரத்தைவிட இங்கே நின்ற நேரம்தான் அதிகம், ஜெரால்டு ரோச் என்ன செய்தான் என்று யாராவது கேட்டால் ஃபைன் லெக்கில் நின்றான் என்று சொல்லிவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

வண்டலூருக்கு அப்பால் ஒரு பொறியியல் கல்லூரியின் மைதானம். கோட்டுக்கு வெளியே பாதியில் நின்றுபோன விடுதிக் கட்டடம், கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன, நிழலில் ஒரு நாய் வயிற்றை மண்ணில் அப்பிப் படுத்திருந்தது. கம்பெனி அணிகளின் முதல் டிவிஷன் லீக், இரண்டாம் நாள் ஆட்டம். பார்க்க ஒரு ஆள் கிடையாது. ஆனால் இன்று தோற்றால் ரோச்சின் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும், இறங்கினால் கம்பெனி அணியையே கலைத்துவிடும் என்று காலையில் வேனில் வரும்போதுகூட பேசிக்கொண்டார்கள், அவன் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தான். எதிரணிக்கு இன்னும் கொஞ்சம்தான் ரன் தேவை. ஸ்ரீவத்சன் என்று ஒரு தொடக்க ஆட்டக்காரன் காலையிலிருந்து நங்கூரம் போட்ட மாதிரி நிற்கிறான். அவனைக் கழற்றிவிட்டால் பின்னால் வருகிறவர்கள் மட்டையைத் துடைப்பம்போலப் பிடிக்கிறவர்கள். அவனைக் கழற்றப் புதுப் பந்து வேண்டும், புதுப் பந்துக்கு ரோச் வேண்டும். நவநீதன் தலைக்குள் இந்தக் கணக்கு ஓடுகிறதா, ஓடாமலா இருக்கும், காலையில் போட்டதைப் பார்த்தானே, பார்த்ததுதான் பிரச்சினை, முதல் சில ஓவர் நன்றாகத்தான் போனது, அப்புறம் ஒரு பந்து விட்டபோது விட்டது தெரியவில்லை. பந்து போய்விட்டது, கை அதை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதாகவே நினைத்தது. பெருவிரல் நகத்தை நடுவிரல் நுனியில் வைத்து அழுத்தினான். யாரோ வேறொருத்தர் விரலை அழுத்துகிற மாதிரி இருந்தது. ஆள்காட்டி விரல் அவ்வளவு மோசமில்லை, அது ஈரத்துணிக்குள் இருக்கிற மாதிரி. இந்த இரண்டு விரல்தான். பந்தின் தையலுக்கு மேல் ஜோடியாக உட்காருகிற இந்த இரண்டு விரலை வைத்துத்தான் அவன் வயிறு வளர்த்தான், கல்யாணம் செய்தான், கடல் தாண்டினான். மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றன. போகிறதுதான் போகிறது, சுண்டு விரல் போயிருக்கக் கூடாதா.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார், "என்ன வேலை பார்க்கிறீங்க?" "பந்து போடறேன் சார்." "பொழுதுபோக்கைக் கேக்கல. வேலை." "அதான் சார் வேலை." அவர் படத்தைத் தாழ்த்தி அவனை ஒருமுறை பார்த்தார், தலையில் இருந்த நரையைப் பார்த்தார், அதற்குப் பிறகு அவர் குரல் கொஞ்சம் மெதுவாகிவிட்டது, அந்த மெதுவைத்தான் ரோச்சால் தாங்க முடியவில்லை. கழுத்தில் எலும்பு தேய்ந்து நரம்பை நசுக்குகிறதாம். கையை மேலே தூக்கிச் சுழற்றுகிற எந்தக் காரியமும் கூடாதாம். "நிறுத்தினா விரல் திரும்பிடுமா சார்?" "நிறுத்தினா இதுக்கு மேல கெடாது. திரும்பும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்." வெளியே வந்து பைக்கில் சாவியைப் போட மூன்று தடவை தடவினான். பிலோமியிடம் தசை இழுத்துக்கொண்டிருக்கிறது, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் போதும் என்றான். அவள் வெந்நீர் வைத்தாள். துணியைப் பிழிந்து தோளில் வைத்தாள், தோளில் ஒரு குறையும் இல்லை, அந்தச் சூடு அநியாயமாகச் சுகமாக இருந்தது, அவன் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கழுத்துப் பக்கம் வை என்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் இருந்தான்.

அந்தக் குளிர் ஊரில்தான் ஆரம்பித்திருக்குமோ. இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஒரு கிராமத்து கிளப்புக்கு ஒரு கோடை முழுக்கப் பந்து போடப் போயிருந்தான், கோடை என்று அவர்கள்தான் சொன்னார்கள், மீன் பொரிக்கிற கடைக்கு மேலே ஒரு அறை, சட்டையெல்லாம் எண்ணெய் வாசனை, மழை நின்று ஆட்டம் ஆரம்பித்தால் கிழவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மரியாதையாகக் கை தட்டுவார்கள். அங்கே விரல் மரத்துப்போகும், அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு போடுவான், அதைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள், இவனும் சிரிப்பான். அது குளிரா, இல்லை இதுவா? அப்போதே பார்த்திருந்தால்? பார்த்தால் என்ன, நிறுத்தியிருப்பானா. அதற்கு முன்னால் வடகிழக்கில் அந்த மலை மாநிலம், வெளியூர் ஆட்டக்காரன் என்கிற கணக்கில் எடுத்தார்கள், காலையில் பனி விலகும்வரை பந்து போகிற இடமே தெரியாது, விக்கெட் கீப்பர் இவனைக் கடைசிவரை ரோஜர் என்றுதான் கூப்பிட்டான். அவனைத் திருத்த வேண்டும் என்று முதல் வாரம் தோன்றியது, அப்புறம் தோன்றவில்லை. அதற்கும் முன்னால் பக்கத்து மாநிலம். நடுவே இரண்டு வருஷம் பெரிய லீக் ஒன்றில் வலைப்பயிற்சிக்குப் பந்து போடுகிறவன், தொலைக்காட்சியில் வருகிற ஆட்டக்காரர்கள் எல்லாம் இவன் பந்தை அடித்துப் பழகிக்கொண்டு பேருந்தில் ஏறிப் போவார்கள், "பவுலர், இன்னும் முன்னாடி குத்து," "பவுலர், ஒரு யார்க்கர்," கேட்டதைக் கேட்ட இடத்தில் போட்டான், அந்தத் திறமை அவனுக்கு எப்போதும் இருந்தது, கொடுத்த சட்டையின் முதுகில் எல்லோருக்கும் பெயர் இருந்தது, வலையில் பந்து போடுகிறவர்கள் சட்டையில் மட்டும் வெறும் துணி. தூத்துக்குடியில் அண்ணன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான், என் தம்பி அந்த டீமில் இருக்கிறான் என்று. ஒரு ஆட்டத்தில் டிவியில் காட்டுவார்கள் என்று மொத்தக் குடும்பமும் உட்கார்ந்து பார்த்ததாம், தண்ணீர் பாட்டில் தூக்குகிறவர்களில்கூட இவன் முகம் வரவில்லையாம். அண்ணன் போனில், "வெளிச்சம் சரியில்லடே, கூட்டத்துல தெரியல," என்றான். அதற்கப்புறம் கிரிக்கெட்டைப் பற்றி அவன் கேட்பதே இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் முகுந்த். எங்கே சுற்றினாலும் நினைப்பு கடைசியில் அங்கேதான் போய் நிற்கும், நிற்காமல் ஒருநாளாவது போய்விடுமா என்று பார்க்கிறான், போகாது. சொந்த மாநிலத்துக்கு ஆடிய முதல் ஆட்டம், முதல் ஓவர், பந்து குத்தி வெளியே நகர்ந்தது, எதிரே ஆடிய பையனின் மட்டை விளிம்பில் பட்ட சத்தம் தெளிவாகக் கேட்டது, கீப்பருக்குப் பக்கத்தில் ஸ்லிப்பில் முகுந்த், நெஞ்சு உயரத்துக்கு, அவன் கையிலேயே போய் உட்கார்ந்துவிட்டு வெளியே விழுந்தது. தப்பித்தவன் அன்றைக்கும் மறுநாளும் ஆடினான், ஆடிக்கொண்டே தேசிய அணிக்குப் போய்விட்டான். ரோச்சுக்கு இன்னொரு ஆட்டம் கொடுத்தார்கள், அதோடு சரி. முகுந்த் ஓடிவந்து, "ஸாரிடா ஜெரால்டு, வெயில் கண்ணுல அடிச்சிருச்சு," என்றான். பரவாயில்லைடா என்றான் இவனும். வெயில் முகுந்தின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அது காலை, அவன் மேற்கே பார்த்து நின்றான், வெயில் கண்ணில் அடிக்க வழியே கிடையாது. கையிலிருந்து நழுவிவிட்டது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பானோ என்னவோ. யாருக்கும் நழுவும். அந்த வெயில்தான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அந்த நாளை எத்தனை முறை திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் வெயில் அதே இடத்தில்தான் இருக்கிறது, முகுந்த் இப்போது டிவியில் ஆட்டத்தை வருணிக்கிறான், ஸ்லிப்பில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று விளக்குகிறான், குரல் நல்ல குரல். அந்த ஒரு பந்து மட்டும் அவன் கையில் நின்றிருந்தால்? நின்றிருந்தால் என்ன, அடுத்த பந்தை வேறு யாராவது விட்டிருப்பார்கள். இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னால் இத்தனை வருஷம் யார் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தோம் என்று ஆகிவிடும்.

கம்பெனியில் ஆறாவது மாடியில் அவனுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. விளையாட்டுக்காரர்கள் கோட்டாவில் கொடுத்த வேலை, ஆட்டம் இருக்கிறவரை ஆபீஸ் பக்கம் போக வேண்டியதில்லை. போன மாதம் ஏதோ கையெழுத்துக்காகப் போனபோது பிரிவு மேலாளர் எழுந்து வந்து, "இதுதான் சார் உங்க சீட், ரொம்ப நாளா காலியாவே இருக்கு," என்று சொல்லி, மேலே வைத்திருந்த மற்றவர்களுடைய சாப்பாட்டுப் பைகளையும் ஒரு குடையையும் அவசரமாக எடுத்து ஒதுக்கினார். "உக்காந்து பாருங்க சார்." உட்கார்ந்து பார்த்தான். முழங்கால் மேஜையில் இடித்தது. எதிரே சுவர். அங்கே என்ன வேலை என்று கேட்டதற்கு அவர், "பழகிரும் சார்," என்றார். அணியைக் கலைத்துவிட்டால் அடுத்த திங்கட்கிழமையே அந்த நாற்காலி. சாப்பாட்டுப் பைகளை வேறு எங்கே வைப்பார்கள், பாவம். நேற்றுச் சாயங்காலம் ஷூவின் அடியில் ஆணிகளை முறுக்கிக்கொண்டிருந்தபோது பிலோமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஸ்பேனர் அவன் கையிலிருந்து இரண்டு தடவை விழுந்தது. அவள் அதை வாங்கித் தானே முறுக்கினாள். முறுக்கிக்கொண்டே தலையைத் தூக்காமல், "ஏங்க, ஜெயிச்சிட்டு வாங்கன்னு நான் கேக்கல. முடிஞ்சிருச்சுன்னு ஒருநாள் வந்து சொல்லுங்க. அது போதும்," என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமலா ஸ்பேனரை வாங்கினாள். முடிந்துவிட்டது என்பது எப்படி இருக்கும், ஆட்டம் முடிந்தால் நடுவர் குச்சிகளின் மேல் இருக்கிற துண்டுகளைத் தட்டிவிடுவார், எல்லோரும் கை கொடுத்துக்கொள்வார்கள், மனிதன் முடிந்தால் யார் வந்து தட்டிவிடுவது.

"ரோச்ணே!"

நவநீதன் கையைத் தூக்கியிருந்தான். எண்பது ஓவர் எப்போது முடிந்தது? கால்கள் தாமாகவே ஓடின, கால்களுக்கு ஒன்றும் தெரியாது, கால்களுக்குக் கொண்டாட்டம். நவநீதன் புதுப் பந்தை அவன் வலது உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான், சின்னப் பையனுக்கு மிட்டாய் கொடுப்பதுபோல. "அண்ணே, வத்சனை மட்டும் எடுத்துக் குடுத்துருங்க. மிச்சத்தை நாங்க பார்த்துக்கறோம்." சிவப்புச் சாயத்தின் வாசனை வந்தது. கனம் தெரிந்தது. தையல் தெரியவில்லை. கண்ணால் பார்த்து இரண்டு விரலையும் தையல் மேல் வைத்தான், குருடனுக்கு வழி காட்டுகிற மாதிரி. சொல்லிவிடலாம், இந்த நிமிஷம் சொல்லிவிடலாம், தம்பி, எனக்குக் கை இல்லை என்று. "ரெண்டு ஸ்லிப் போதுமாண்ணே?" "மூணு வை," என்றான்.

ஓடினான். பாதி ஓட்டத்தில் எல்லாம் சரியாகிவிட்டது, அதுதான் பெரிய வஞ்சகம், மூச்சும் காலும் தோளும் பழைய தாளத்தில் சேர்ந்துகொண்டன, காற்று காதுக்குள் பழைய மாதிரியே அடித்தது, வேகமாகத்தான் போடப்போகிறோம் என்று உடம்பு முழுக்க நம்பியது, வத்சன் கண்ணும் அந்த வேகத்தையே எதிர்பார்த்தது, கை சுழன்று வந்தபோது விரல்கள் அங்கே இல்லை. பந்து எப்போது புறப்பட்டது என்று தெரியாது. ஒரு நொடி அது மேலே, ரொம்ப மேலே, சோம்பேறித்தனமாக மிதந்தது. வத்சன் மட்டையை முன்னாலேயே வீசிவிட்டான், நிறுத்தப் பார்த்தான், முடியவில்லை, மட்டை நுனியில் பட்டு கவரில் நின்ற பீல்டரின் கைக்கு மெதுவாகப் போனது. கத்தல். எல்லோரும் ரோச் மேல் வந்து விழுந்தார்கள், முதுகில் அடித்தார்கள், தலைமுடியைக் கலைத்தார்கள். "என்ன ஸ்லோ பால்ணே அது! யாருக்குமே தெரியலண்ணே!" என்று நவநீதன் காதுக்குள் கத்தினான். ரோச்சும் சிரித்தான். வாழ்க்கையில் எத்தனை நல்ல பந்து போட்டிருக்கிறான், நகர்ந்தது, குத்தி எகிறியது, விளிம்பைத் தொடாமல் தொட்டுப் போனது, ஒன்றுக்கும் இப்படி யாரும் ஓடிவந்ததில்லை.

அடுத்து வந்தவன் பந்துவீச்சாளன், ஒல்லி, வெயிலுக்குப் பயந்து ஹெல்மெட் இல்லாமல் தொப்பியோடு வந்திருந்தான். ரோச் மறுபடி ஓடினான். இந்தத் தடவை பந்து அவன் காலடியிலேயே விழுந்து உருண்டது. நடுவர் சிரித்து, செல்லாது என்று சைகை காட்டினார். "என்னண்ணே?" "வேர்வை," என்று பேன்ட்டில் கையைத் தேய்த்தான். மூன்றாவது தடவை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிக் கையிடம் கெஞ்சினான், கை பிடித்தது, அளவுக்கு மேலே பிடித்தது, விட்டபோது பந்து தரையே தொடாமல், முழு வேகத்தில், நேராக அந்த ஒல்லிப் பையனின் முகத்துக்குப் போனது. அவன் குனிந்தானா விழுந்தானா என்று தெரியவில்லை, தொப்பி மட்டும் தனியாகப் பறந்தது, பந்து கீப்பரின் தலையையும் தாண்டிக் கோட்டுக்குப் போய்விட்டது. பையன் புழுதியில் உட்கார்ந்தபடி தன் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். காது இருந்தது. ரோச் அவனை நோக்கி நடந்து, பாதியில் நின்று, "பட்டுச்சா தம்பி?" என்றான். பையன் இல்லை என்று தலையாட்டினான், ஆட்டிக்கொண்டே இருந்தான். இரண்டு விரல் தள்ளிப் போயிருந்தால். அவன் அம்மா எங்கே இருப்பாள், இந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பாள்.

யாரோ பந்தை எறிந்தார்கள், அவன் பிடித்தான், பிடித்துவிட்டான்தான். நவநீதன் பக்கத்தில் வந்து நின்றான்.

"வேற யாரையாச்சும் போடச் சொல்லு, நவநீதா."

"அடிபட்டிருச்சாண்ணே?"

"இல்ல."

"அப்புறம் என்னண்ணே? விக்கெட் எடுத்துட்டீங்கல்ல, ஒரு ஓவர்..."

"பந்து எங்க இருக்குன்னு தெரியலப்பா."

நவநீதன் அவன் முகத்தைப் பார்த்தான், கீழே பார்த்தான். "உங்க கையிலதாண்ணே இருக்கு," என்றான், மிக மெதுவாக, அந்த டாக்டர் மாதிரியே. ரோச் இடது கையால் அதை வலது கையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு நடந்தான். யாரும் கை தட்டவில்லை, என்ன நடந்தது என்று யாருக்கும் புரியவில்லை, அதனால் அவன் தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி நடந்தான். கோட்டைத் தாண்டியபோது திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பார்த்தால் அதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும் என்று பார்க்கவில்லை.

உடை மாற்றும் அறைகளுக்கு நடுவே இருந்த படிக்கட்டில் வத்சன் கால்கவசத்தைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்து ஒரு பழைய பந்தை உருட்டிக்கொண்டிருந்தான். இவனைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டான். "செம பால்ணே. காலையிலேர்ந்து உங்க கையையேதான் பாத்துட்டிருந்தேன். கடைசி வரைக்கும் ஒண்ணுமே புரியல." ரோச் பக்கத்தில் உட்கார்ந்தான். வெளியே மட்டையில் பந்து பட்ட நல்ல சத்தம் ஒன்று கேட்டது, வத்சனின் ஆட்கள் கை தட்டினார்கள், கொஞ்ச நேரத்தில் இன்னொரு சத்தம், இன்னும் பலமான கைதட்டல். அந்த ஒல்லிப் பையனாகத்தான் இருக்கும். அடிக்கட்டும். பிலோமிக்கு முதல் வார்த்தை என்ன சொல்வது, வாசலில் வைத்துச் சொல்வதா, உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டுச் சொல்வதா.

"எப்படிண்ணே பிடிச்சீங்க அதை? காட்டுங்களேன். எங்க பசங்க யாரும் அப்படிப் போட்டதில்ல," என்று வத்சன் பந்தை நீட்டினான்.

உண்மையைச் சொல்ல வாய் வந்தது. இத்தனை வருஷத்தில் அவன் எப்படிப் போட்டான் என்று ஒரு மட்டையாளன் கேட்டது இதுதான் முதல் தடவை. ரோச் பந்தை வாங்கி வலது உள்ளங்கையில் வைத்தான். இடது கையால் ஆள்காட்டி விரலைத் தூக்கிப் பந்தின் ஒரு ஓரத்தில் படுக்க வைத்தான், நடுவிரலைத் தூக்கி இன்னொரு ஓரத்தில் வைத்தான், அது சரிந்தது, மறுபடி தூக்கி வைத்தான். வத்சன் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். "ஓ," என்றான் கடைசியில், "தையலைத் தொடவே இல்லையா!" பந்தை வாங்கிக்கொண்டு, தன் நல்ல விரல்களை அதே இடத்தில், அதே மாதிரி தொளதொளவென்று வைத்துப் பார்த்தான், பிடிபடவில்லை, மறுபடி வைத்துப் பார்த்தான்.